கணக்கில் ஒன்று

மியூனிக்,
மே 2025

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு உங்கள் முட்டிவலி, உங்கள் தம்பியின் சர்க்கரை, முன்வாசல் மாமரம் எல்லாம் எப்படி என்று அறிய ஆவல். இப்படி இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று சொல்லித் தந்தவரே நீங்கள் என்பதால் எழுதியாயிற்று. இனி விஷயம்.

என் மகள் கணக்கில் ஒரு மார்க் வாங்கவில்லை.

நடந்தது இதுதான். இந்த மாதம் முதல் பள்ளி நாளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் பாளையங்கோட்டைக்கு வீடியோ கால் போட்டு, "தாத்தா, கணக்குல ஒண்ணு!" என்று கத்தினாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அழாத கண்ணு, போனது போச்சு, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார். அவள் எங்கே அழுதாள்? சோபாவில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து, பிள்ளைக்கு வெட்கமும் போய்விட்டதே என்று அவர் இன்னும் கலங்கியிருக்கிறார். போனை வைத்த கையோடு செய்தி உங்களுக்கு வந்திருக்கிறது. உங்களிடமிருந்து சமாதானபுரம் சித்திக்கு, சித்தியிடமிருந்து மதுரைக்கு. அன்று ராத்திரியே மதுரை மதினி எனக்கு ஒரு ஆன்லைன் டியூஷன் விளம்பரத்தை அனுப்பி, அடியில் கைகூப்பும் படம் ஒன்றும் போட்டிருந்தாள். நீங்கள் மட்டும் எதுவும் அனுப்பவில்லை. மறுநாள் காலையில் கூப்பிட்டு, "ஏட்டி, பிள்ளைய நாங் கேக்கட்டுமா?" என்றீர்கள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவரின் அந்தக் குரலைக் கேட்டு, இத்தனை வயதிலும் எனக்குக் கை தானாகக் கட்டிக்கொண்டது.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கு பஜார் வரைக்கும் யார் கேட்டாலும் இதையே சொல்லுங்கள். ஜெர்மனியில் மார்க் ஒன்றில் தொடங்கி ஆறில் முடியும். ஒன்று என்றால் மிக நன்று. இரண்டு நன்று. மூன்று பரவாயில்லை. நான்கு ஏதோ தேறியது. ஐந்து தேறவில்லை. ஆறு என்றால் புத்தகப்பைக்கு அடியில் வைத்துவிட்டு, வீட்டில் யாராவது நல்ல மனநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியது. எல்லாம் சரியாகப் போட்டவளும் ஒன்றுதான், ஒரு இடத்தில் கை தவறியவளும் பெரும்பாலும் ஒன்றுதான். 96 வாங்கிக்கொண்டு வந்த என்னை வாசலிலேயே நிறுத்தி, "மிச்சம் நாலு எங்க?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியைக் கேட்கவே இந்த நாட்டில் வழி வைக்கவில்லை.

இந்தக் குழப்பத்தில் மாட்டிய முதல் ஆள் உங்கள் பேத்தி அல்ல. ஐன்ஸ்டைன் கணக்கில் ஃபெயில் என்று நம் ஊரில் படிக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஆறுதல் சொல்வார்களே, அது சுத்தப் பொய். 1879-ல் உல்ம் என்ற ஊரில் பிறந்தவரை அடுத்த வருஷமே இந்த மியூனிக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போனதும் இங்கேதான். பதினைந்து வயதில் பாதியில் விட்டுவிட்டுப் போய், 1896-ல் சுவிட்சர்லாந்தில் ஆராவ் என்ற ஊரில் படிப்பை முடித்தார். அங்கே அவருக்கு அல்ஜீப்ராவில் ஆறு, ஜியோமிதியில் ஆறு. சுவிட்சர்லாந்தில் ஆறுதான் உச்சம். எல்லைக்கு இந்தப் பக்கம் ஆறுதான் பாதாளம். அந்தச் சான்றிதழை இந்தப் பக்கத்துக் கண்ணால் படித்ததும் புரளிக்கு ஒரு காரணம் என்கிறார்கள். அவருக்கு உலகம் முழுக்கப் பெயர் கெட்டது. இவளுக்கு மதுரையோடு நின்றிருக்கிறது.

முழு விவரம் வேண்டும் என்பீர்கள். கணக்கு 1. ஊர், இயற்கை, தண்ணீர், தீயணைப்பு, குப்பை பிரிப்பது எல்லாம் சேர்ந்த ஒரு பாடம் இருக்கிறது, அதில் 2. ஜெர்மன் மொழியில் 3. கூட்டி மூன்றால் வகுத்தால் 2,00. கமாவைப் பார்த்து இருநூறு என்று படித்துவிடாதீர்கள். இங்கே புள்ளி போட வேண்டிய இடத்தில் கமா போடுவார்கள்.

இந்த மூன்று பாடச் சராசரிக்காகத்தான் போன செப்டம்பரிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பவேரியா மாநிலத்தில் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். அதன் பிறகு பிள்ளைகளை மூன்று வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். சராசரி 2,33-க்குள் இருந்தால் கிம்னாசியம். பெயரைப் பார்த்து உடற்பயிற்சிக் கூடம் என்று நினைக்க வேண்டாம், நேரே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகும் பள்ளி அதுதான். 2,66-க்குள் என்றால் ரியால்ஷூலே. அதற்கும் மேலே போனால் மிட்டல்ஷூலே. எல்லாம் பத்து வயதில் முடிவாகிவிடுகிறது! நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஷூ வாங்கும்போதே வளர்கிற கால் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம். இவர்கள் தலைக்கு அளவெடுத்துவிடுகிறார்கள்.

சராசரி கூடிவிட்டால் மூன்று நாள் சோதனை வகுப்பில் உட்கார்ந்து தேறலாம், பத்தாம் வகுப்புக்குப் பிறகு வேறு வழியில் ஏறியும் கல்லூரிக்குப் போகலாம் என்று டீச்சர் பொறுமையாக விளக்கினார். கீழ்வீட்டுக்காரர் இன்னொரு விதமாக விளக்கினார். அவர் ஹீட்டிங் மெக்கானிக், தொழிலில் மைஸ்டர் பட்டம் வாங்கியவர், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். "நான் கிம்னாசியம் போகலை. நீங்க ரெண்டு பேரும் இன்ஜினியர். யார் சொந்த வீட்டுல இருக்கோம்?" என்றார். உங்கள் மாப்பிள்ளை அன்றைக்கு வாடகை ரசீதை அலமாரிக்குள் ரொம்ப நேரம் தேடினார்.

நான் இங்கு வந்த புதிதில் ஜெர்மன் அம்மாக்களைப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். "பிள்ளை சந்தோஷமாக இருந்தால் போதும்" என்பார்கள். மூன்று வயதில் ஏபிசிடி சொல்லித் தர மாட்டார்கள். எழுத்து சொல்லித் தருவது பள்ளிக்கூடத்தின் வேலை, அதற்குள் மண்ணில் விளையாடட்டும் என்பார்கள். என் பெண் ஒன்றாம் வகுப்பு சேரும்போதே படிக்கத் தெரிந்தவளாகப் போனாள். நான் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் கவலையாக, "அப்படியா, அவளுக்கு வகுப்பில் அலுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். ஊரில் இதற்கு ஒரு சாக்லேட்டாவது கிடைத்திருக்கும். இவ்வளவு நிதானமான அம்மாக்கள், பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்ததும் என்ன ஆனார்கள் என்கிறீர்கள்? அந்த வருஷத்தில் சின்னச் சின்னத் தேர்வுகளாக வந்துகொண்டே இருக்கும். மண்ணில் விளையாடட்டும் என்று எனக்கு உபதேசம் செய்த அதே அம்மா, போன நவம்பரில் என்னைப் பார்க் ஓரத்தில் நிறுத்தி, இந்தியர்களுக்குக் கணக்கு நன்றாக வருமாமே, பழைய வினாத்தாள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று ரகசியமாகக் கேட்டார். அன்றிலிருந்து எனக்கு இந்த நாட்டின் மீது ஒரு சொந்தபந்தப் பாசம் வந்துவிட்டது. பிள்ளை படிப்பு என்று வந்தால் எல்லா ஊரும் பாளையங்கோட்டைதான், இவர்கள் கொஞ்சம் லேட்டாக ஆரம்பிக்கிறார்கள். அவ்வளவுதான்.

இனி நீங்கள் ஞாயிறுதோறும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். "அதெல்லாம் இருக்கட்டும், ரேங்க் என்ன?"

ரேங்க் கிடையாது அத்தை. கிடையவே கிடையாது. தமிழ்நாட்டிலும் 2017-லேயே பொதுத்தேர்வில் ரேங்க் சொல்வதை நிறுத்திவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அரசு நிறுத்தியது, நீங்கள் நிறுத்தவில்லை. ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், நானும் நிறுத்தவில்லை. வகுப்பில் எத்தனை பேர், அதில் இவள் எங்கே என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. அதனால் துப்பறிய ஆரம்பித்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது, "உன் பக்கத்துல உக்காருற பொண்ணுக்கு கணக்குல எவ்வளவு?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அது அவளோட விஷயம்மா, டாட்டன்ஷுட்ஸ்" என்றாள். தகவல் பாதுகாப்புச் சட்டமாம்! தோசைக்குத் தொட்டுக்கொள்ள எனக்குச் சட்டத்தை ஊற்றிவிட்டாள். தேர்வுத்தாள் கொடுக்கும்போது டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் குப்புறக் கவிழ்த்துத்தான் தருவாராம். பார்க்கிறதும் காட்டுகிறதும் அவரவர் இஷ்டம். நம் பள்ளிக்கூடத்தில் மார்க்கைச் சத்தமாகப் படித்துக்கொண்டே தாளை வீசுவார்களே, அது எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று இப்போதுதான் உறைக்கிறது. வாங்கியவருக்கு அல்ல, வாங்கியவரின் அம்மாவுக்கு.

ஜெர்மனில் மூன்று வந்த கதையையும் கேளுங்கள். எழுதுகிறது ஒரு பக்கம், வகுப்பில் வாய் திறந்து பேசுகிறதற்கும் இங்கே மார்க் உண்டு. கை தூக்க வேண்டும். முழுக்கை அல்ல, சுட்டுவிரலை மட்டும் மேலே நீட்ட வேண்டும். முழுக்கையை நீட்டினால் ஹிட்லர் காலத்து வணக்கம் ஞாபகத்துக்கு வரும், அதனால்தான் தவிர்க்கிறார்கள் என்று சொல்வார்கள். உங்கள் பேத்தி கையும் தூக்கவில்லை, விரலும் தூக்கவில்லை. "எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறாள்" என்றார் டீச்சர். எப்படிச் சொல்வாள்? பெரியவர்கள் கேட்டால் ஒழிய வாயைத் திறக்காதே என்று வளர்த்தது யார்? நீங்கள் என்னை வளர்த்தீர்கள், நான் அவளை வளர்த்தேன். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிவந்த அடக்க ஒடுக்கத்துக்கு ஜெர்மனியில் அரை மார்க் வெட்டு. அன்றிலிருந்து வீட்டில் ஒரு பயிற்சி வைத்தோம். ரசம் வேண்டும் என்றால் விரலைத் தூக்க வேண்டும், தூக்கி ஒரு முழு வாக்கியம் ஜெர்மனில் சொல்ல வேண்டும். பெரியவள் ரசமே இல்லாமல் ஒரு வாரம் சாப்பிட்டாள். சின்னவன் விரலை இறக்கவே இல்லை. இப்போது அவன் தூங்கும்போதும் அப்படித்தான் தூங்குகிறான்.

அவன் கதை தனி. இரண்டாம் வகுப்பு. அரையாண்டுச் சான்றிதழுக்குப் பதிலாக டீச்சர், பிள்ளை, பெற்றோர் மூவரும் உட்கார்ந்து பேசும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. போவதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு தாள் தருவார்கள். "நான் என் இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறேன்", "மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்" என்று வரிசையாக இருக்கும். அவன் தனக்குத் தானே மதிப்புப் போட வேண்டும். நம்மில் யாருக்காவது இந்த வாய்ப்பு கிடைத்ததுண்டா? உங்கள் பேரன் எல்லாவற்றுக்கும் உச்ச மதிப்புப் போட்டுவிட்டு, காத்திருக்கிற விஷயத்துக்கு மட்டும் நடுவில் ஒரு டிக் போட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாத்துலயும் ஃபுல் போட்டா நம்ப மாட்டாங்க" என்றான்.

டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சம்பந்தம் பேசுகிறவர்களைப் போல மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். "உனக்குப் பெருமையாக இருப்பது எது?" என்று கேட்டார். கூட்டல் என்று சொல்வான், வாசிப்பு என்று சொல்வான் என்று நான் மூச்சைப் பிடித்திருந்தேன். "ஜாக்கெட் ஜிப்பை நானே போட்டுக்கிறேன்" என்றான். அவர் சிரிக்காமல் அதை எழுதிக்கொண்டார். அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன குறிக்கோள் என்று அவனிடமே கேட்டு, எழுத்தைக் கோட்டுக்குள் எழுதுவது என்று முடிவு செய்து, ஒப்பந்தம்போல அடியில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நம் ஊரில் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடப் பழகிய வீரர்கள் எத்தனை பேர்! இங்கே ஏழு வயதுப் பயல் தன் கையெழுத்தையே போடுகிறான், கள்ளக் கையெழுத்துக்கு வேலையே இல்லை. கிளம்பும்போது என்னால் அடக்க முடியாமல், "மொத்தத்தில் வகுப்பில் இவன் எப்படி?" என்று கேட்டுவிட்டேன். "அவனிடம் கேளுங்கள், நன்றாகச் சொல்வான்" என்றார் அந்த அம்மாள்.

உங்கள் வீடியோ வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன தீபாவளிக்கு முன்னால் நீங்கள் பெரியவளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தீர்கள் அல்லவா, அப்போது அவள் எழுதிய விடையை ஏழு என்று படித்து, "தப்பு, மறுபடி போடு" என்று நான்கு தடவை போட வைத்தீர்கள். அது ஒன்று. இங்கே ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு கோடு சாய்த்து இழுப்பார்கள். ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். அவளும் அப்படியே எழுதினாள். அவள் பாட்டியின் கண்ணாடியை மாற்றச் சொல்ல, நீங்கள் அவள் நோட்டை மாற்றச் சொன்னீர்கள். வகுத்தலுக்கு இங்கே அந்தக் கூடு கிடையாது. 84, பக்கத்தில் முக்காற்புள்ளி மாதிரி இரண்டு புள்ளி, 4, சமம், 21 என்று ஒரே வரியில் எழுதி, அடியில் படிப்படியாகக் கழித்துக்கொண்டு வருவார்கள். பெருக்கலுக்கு ஒரே ஒரு புள்ளிதான். உங்கள் முறையில் போட்டுக்கொண்டு போன வீட்டுப்பாடத்தில், "விடை சரி, வழி எனக்குப் புரியவில்லை, நாளை வகுப்புக்கு விளக்குவாயா?" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் அவள் கரும்பலகைக்குப் போய்ப் பாளையங்கோட்டை வகுத்தலை ஜெர்மன் பிள்ளைகளுக்கு நடத்தினாள். விரலே தூக்காதவள், அன்றைக்குத்தான் முதன்முதலாக வகுப்பில் பேசினாள். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றால், சொன்னால் தினமும் வகுப்பு வைத்துவிடுவீர்கள் என்ற பயம்தான்.

உங்களுக்குப் பிடித்த ஒன்று இங்கே இருக்கிறது. பிள்ளைகள் மைப்பேனாவில்தான் எழுதுகிறார்கள். நீல மை, பெலிக்கான் பேனா, விரல் நுனி எல்லாம் கறை. பால்பாயிண்ட் எழுத்தைக் கெடுக்கும் என்று நீங்கள் சொன்னதை ஒரு நாடே கேட்டிருக்கிறது.

பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள விடுங்கள், ஏனென்றால் நேரில் சொன்னால் கண்பட்டுவிடும் என்று தடுப்பீர்கள். நான்காம் வகுப்பில் போலீஸ்காரர்கள் வந்து சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்துத் தேர்வு வைப்பார்கள். கை காட்டுவது, தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடுவது எல்லாம் அதில் உண்டு. முதல் தடவையிலேயே தேறினாள். இப்போது அவள் அப்பாவின் காரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எங்கே எல்லாம் விதி மீறினார் என்று பட்டியல் வாசிக்கிறாள். சின்னவன் கடல்குதிரை வில்லை வாங்கிவிட்டான். கரையிலிருந்து குதித்து, 25 மீட்டர் நீந்தி, தோளளவு தண்ணீருக்குள் கிடக்கிற பொருளை எடுத்துவந்தால் நீச்சல் உடையில் தைத்துக்கொள்ள ஒரு துணி வில்லை தருவார்கள். குறுக்குத்துறையில் நீங்கள் எங்களை வில்லை எதுவும் இல்லாமலே தாமிரபரணிக்குள் தள்ளிவிட்டீர்கள், நாங்களும் நீந்தினோம். இருந்தாலும் வில்லை அழகாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் ஒரு ராத்திரி ஹீட்டர் நின்றுபோனது. வெளியே பனி. கீழ்வீட்டு மெக்கானிக் ஊரில் இல்லை. வீட்டு நிர்வாகத்தின் அவசர எண்ணுக்கு நான் போன் செய்து, எழுதி வைத்திருந்த வாக்கியத்தைப் படித்தேன். அந்தப் பக்கத்து ஆள் புரியவில்லை, புரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் மாப்பிள்ளை வாங்கிப் பேசினார், ஆபீஸ் ஜெர்மனில், ரொம்ப மரியாதையாக. திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்கள். பெரியவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து போனைப் பிடுங்கினாள். தன் பெயர், முகவரி, எந்த மாடி, கொதிகலனில் என்ன எண் எரிகிறது, வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை இருக்கிறது, வாடகை ஒப்பந்தத்தில் ஹீட்டிங் உண்டு என்று ஒரு மூச்சில் சொன்னாள். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்து நின்றார். இந்தப் பிள்ளைக்குத்தான் ஜெர்மனில் மூன்று என்று போட்டிருக்கிறார்கள்! மறுநாள் அதை டீச்சரிடம் சொன்னேன். "வகுப்பிலும் ஹீட்டரை அணைத்துப் பார்க்கிறேன்" என்றார். நல்ல மனுஷி.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியும் தவறுவதில்லை. ஜெர்மனி முழுக்க ஈழத்தமிழர்கள் தமிழாலயங்கள் நடத்துகிறார்கள். வார நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு, சம்பளத்தை எதிர்பார்க்காமல் வந்து பாடம் எடுக்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளோடு பழகி இவள் இப்போது "ஓம் அம்மா, விளங்குது" என்கிறாள். அடுத்த ஞாயிறு உங்களிடம் "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டால், யாரோ போனை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துவிடாதீர்கள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுகிறாள். மதுரை மதினியின் பிள்ளைகளைவிட நன்றாக எழுதுகிறாள் என்று நான் சொல்லவில்லை, அவள் எழுதிய பொங்கல் வாழ்த்தை எடுத்துப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. இந்த நாட்டு அரசாங்கம் பிள்ளை ஒன்றுக்கு மாதாமாதம் வளர்ப்புப் பணம் தருகிறது. கிம்னாசியம் போனாலும் அதே தொகை, போகாவிட்டாலும் அதே தொகை. அவர்களே ரேங்க் கேட்கவில்லை.

கிம்னாசியத்தில் இடம் உறுதியாகிவிட்டது. செப்டம்பரில் ஐந்தாம் வகுப்பு. இன்னும் ஒன்பது வருஷப் படிப்பு. அதை நினைத்து இப்போதே மூச்சு வாங்குகிறது என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஜூலையில் கோயில் கொடைக்கு வரச் சொன்னீர்கள். வர முடியாது. ஆகஸ்ட் பிறந்தால்தான் இங்கே பெரிய லீவு. ஒரு நாள் முன்னால் கிளம்பினாலும் அபராதம். டிக்கெட் மலிவு என்று லீவுக்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவர்களை 2018-ல் மெம்மிங்கன் விமான நிலையத்தில் போலீஸ் நிறுத்தி விசாரித்து, பேப்பரெல்லாம் வந்தது. அதனால் இந்தத் தடவை நீங்கள் வாருங்கள். அழைப்புப் பத்திரத்தை இங்குள்ள அலுவலகத்தில் வாங்கி அடுத்த வாரம் அனுப்புகிறேன். பாஸ்போர்ட் காலாவதியாகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பயணக் காப்பீட்டை அப்பா பார்த்துக்கொள்வார். முட்டிவலிக்கு எங்கள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது. அப்பளம் கொண்டுவாருங்கள், வடகம் கொண்டுவாருங்கள்.

சின்னவனுக்கு இந்த வருஷம்தான் வாய்ப்பாடு ஆரம்பித்திருக்கிறார்கள். இங்கே பத்தோடு நிறுத்திவிடுவார்கள். பதினொன்றிலிருந்து பதினாறு வரை உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மருமகள்